பாட்டு ஒரு தெருவில், பும் பும் ஒரு தெருவில்

சின்னவள் கீபோர்டு வகுப்புக்குப் போக ஆரம்பித்த புதிதில் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, வலது கை பாட்டு வாசிக்குது. எடது கை மட்டும் எதுக்கு வேற எதையோ அமுக்கிக்கிட்டே இருக்கு?" சொல்லிக்கொடுப்பவர் ஏதோ விளக்கியிருக்கிறார். அவளுக்குப் பிடிபடவில்லை. நான் பத்தாவது வரை படித்தவன். ஸ்வரம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆனால் இடது கை இல்லாத பாட்டு எப்படி இருக்கும், வலது கை இல்லாத பாட்டு எப்படி இருக்கும் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். கேட்ட அன்றைக்குத்தான் எனக்குக் காது குத்தினார்கள்.

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அம்மா பிறந்தது பரளச்சிப் பக்கம். அம்மாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. பெரிய மாமா சொந்த ஊரிலேயே இருந்து விவசாயம் பார்த்தார். சின்ன மாமா திருச்சுழியில் உரக்கடை வைத்திருந்தார். நிலத்தைப் பாகம் பிரித்தபோது, வரப்பில் நின்ற சீமைக் கருவேல மரங்கள் யாருக்கு என்று ஒரு பேச்சு வந்தது. அவற்றை வெட்டினால் கரிமூட்டம் போடலாம், வேறு எதற்கும் ஆகாது. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. அந்த மரங்களுக்காக இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

அதனால் கஷ்டப்பட்டவை என் காதுகள். காது குத்துவதென்றால் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். பழம், துணி, மாலை எல்லாவற்றையும் தட்டுகளில் வைத்து, ஊர் எல்லையிலிருந்து மேளத்தோடு நடந்து வர வேண்டும். பிள்ளையை மடியில் உட்காரவைத்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டு மாமாக்களில் ஒருவரை அழைத்தால் மற்றவர் வரமாட்டார் என்று தெரிந்ததால், மூன்று வயதில் குத்த வேண்டியது ஐந்துக்குத் தள்ளிப்போயிற்று. ஐந்து ஏழுக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் என்னை "மூளிக்காது" என்று கூப்பிட்டார்கள்.

அப்பா ஒருவரை மட்டும் வைத்து முடித்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார். அம்மா ஒப்பவில்லை.

"ரெண்டு பேருல ஒருத்தர் வாசல் மிதிக்காமப் போனாலும் எனக்குப் பெறந்த வீடு பாதிதான். பாதி வீட்டுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? பிள்ளை மூளிக்காதோடயே திரியட்டும்."

எனக்கு ஏழு வயதான அந்த வைகாசியில் அப்பா துணிந்து இரண்டு பேரையும் அழைத்துவிட்டு வந்தார். அதிசயமாக இரண்டு பேரும் வருகிறேன் என்றார்கள். பெரிய மாமா சொன்னாராம், "எந்தங்கச்சி பிள்ளைக்கு நான் செய்யாம யாரு செய்வா? அவுக வந்தா வரட்டும்." சின்ன மாமாவும் அதையேதான் சொன்னார், தங்கச்சிக்குப் பதிலாக அக்கா என்று. அம்மாவுக்குச் சந்தோஷம் ஒரு பங்கு என்றால் பயம் இரண்டு பங்கு. பேசாத இரண்டு பேர் ஒரே பந்தலுக்குள் வந்து என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

என்ன செய்தார்கள் என்றால், இரண்டு பேருமே மற்றவரை மிஞ்ச வேண்டும் என்று நினைத்தார்கள். எங்கள் பக்கத்துச் சீர் அதுவரை நாயனத்தோடும் கொட்டோடும்தான் வரும். பேண்டு செட்டு வைத்துக் காது குத்தியதை எங்கள் ஊர் பார்த்ததில்லை. பெரிய மாமா ரகசியமாக அருப்புக்கோட்டைக்குப் போய், ஒரு பேண்டு மாஸ்டரிடம் வெற்றிலை பாக்குக் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வாரம் சின்ன மாமாவும் ரகசியமாகப் போய் அதே மாஸ்டரிடம் வெற்றிலை பாக்குக் கொடுத்தார்.

மாஸ்டரைக் குறை சொல்ல முடியாது. அதே தேதி, அதே ஊர், அதே பிள்ளை. வந்த இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே நடை. அண்ணன் சொல்லிவிட்டுப் போனதைத் தம்பி வந்து உறுதிப்படுத்துகிறார், பொறுப்பான குடும்பம் என்று நினைத்து இரண்டாவது வெற்றிலையையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

காது குத்து அன்று விடியும்போதே குலசாமி கோயிலில் எனக்கு மொட்டை போட்டுவிட்டார்கள். தலையில் சந்தனம் பூசிப் பந்தலில் உட்காரவைத்திருந்தார்கள். நல்ல நேரம் நெருங்கியும் எந்தப் பக்கத்திலிருந்தும் சத்தத்தைக் காணோம். என்னவென்று பார்த்துவரச் சித்தப்பா கிளம்பினார். நான் அழுததால் என்னையும் தோளில் தூக்கிக்கொண்டார்.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு வேன் நின்றது. அதைச் சுற்றிச் சிவப்புக் கோட்டுப் போட்ட ஆட்கள். தோளில் தங்க நிறக் குஞ்சம், கையில் பளபளவென்று பித்தளை. அந்த வெயிலில் கோட்டுக்குள் அவர்கள் வெந்துகொண்டிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. ராஜாவின் பட்டாளம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அது முழுக்கத் தப்பும் இல்லை. இந்த வாத்தியங்கள் வெள்ளைக்காரனின் பட்டாளத்தோடுதான் நம் பக்கம் வந்தன. துப்பாக்கி தூக்கியவர்கள் கால் பிசகாமல் நடக்க, முன்னால் டிரம்மும் குழலும் போகும். பட்டாளம் போன பிறகும் வாத்தியங்கள் இங்கேயே தங்கிக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆகிவிட்டன. கோட்டு மட்டும் சாயம் போய்க்கொண்டே கூட வந்தது.

வேனுக்கு ஒரு பக்கம் பெரிய மாமா நின்றார், மறுபக்கம் சின்ன மாமா. நடுவில் மாஸ்டர், கையில் கிளாரினெட். மாமாக்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு மாஸ்டர் வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

"மாஸ்டர், மொதல்ல வெத்தல பாக்கு வச்சது யாருன்னு அவுகளக் கேக்கச் சொல்லுங்க" என்றார் பெரிய மாமா.

"வேனு யாரு முன்னால வந்து நின்னுச்சுன்னு அவுகளப் பாக்கச் சொல்லுங்க மாஸ்டர்" என்றார் சின்ன மாமா.

மாஸ்டர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, "அண்ணாச்சி... அண்ணாச்சி..." என்றார். யாரைச் சொல்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

செட்டு இல்லாமல் சீர் கொண்டுபோக முடியாது என்று இரண்டு பேரும் நின்றார்கள். பெரிய மாமா தன் வீட்டுப் பெண்களிடம் தட்டைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். தட்டு தரையில் பட்டால் அடுத்தது திரும்பிப் போவதுதான். சித்தப்பாவுக்கு உடனே அது புரிந்தது.

"மச்சான், நெலத்தப் பிரிச்சீகல்ல, அதே மாதிரி இதையும் பிரிச்சுக்கிருங்க. மூத்தவுக பங்கு வைக்கட்டும், எளையவுக எடுத்துக்கிறட்டும். பய மண்டை காயுது" என்றார்.

பாதி கேலியாகத்தான் சொன்னார். மாமாக்கள் இரண்டு பேரும் அதை முழுசாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் பாகம் பிரிக்கிற முறை அதுதான். அண்ணன் இரண்டு பங்காக வைப்பான், தம்பி தனக்கு வேண்டியதை முதலில் எடுப்பான். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

பெரிய மாமா பேண்டுக்காரர்களை வேப்பமர நிழலில் வரிசையாக நிறுத்தி, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். ஆள் கணக்குச் சரியாக இருக்க வேண்டும், இனமும் இனத்தோடு இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நியாயம். மெலிந்த வாத்தியங்களை ஒரு பக்கம் விட்டார்: மரத்தில் செய்த கறுப்பான கிளாரினெட், மூன்று கட்டைகளை அமுக்கி ஊதுகிற டிரம்பெட், பித்தளையில் வளைந்திருந்தாலும் கிளாரினெட் மாதிரியே தட்டையான நாணல் சீவலை வாயில் வைத்து ஊதுகிற சாக்ஸபோன், இடுப்பில் தொங்குகிற சைடு டிரம். தடித்தவற்றை மறுபக்கம் விட்டார்: அண்டாவைக் குழலாக்கினதுபோல இருந்த யூபோனியம், இழுத்து நீட்டுகிற டிராம்போன், வயிற்றில் கட்டி அடிக்கிற பெரிய டிரம்.

மாஸ்டர் பதறிவிட்டார். "அண்ணாச்சி, இப்பிடிப் பிரிச்சாச் சரிவராது. இவன் வாசிக்கிறது வேற, அவன் வாசிக்கிறது வேற."

"அதத்தான மாஸ்டர் நானும் சொல்றேன். வேற வேறயாத்தான் இருக்கணும்" என்றார் பெரிய மாமா.

சின்ன மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை. தடித்த பக்கத்தைக் காட்டினார். பிறகு சித்தப்பாவிடம் மெதுவாக, "தராசுல வச்சாலும் நம்ம பக்கந்தான் எறங்கும்" என்றார்.

இந்த இடத்தில் நான் பிற்பாடு தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கச்சேரியில் பாடுகிறவர் ஒரு வழியில் போனால் வயலின்காரரும் அதே வழியில் பின்னாலேயே போவார். மேல்நாட்டு இசையில் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. ஆதியில் அவர்களுடைய கோயில்களிலும் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடினார்களாம். பிறகு சிலர் அந்த மெட்டுக்குக் கீழே வேறு ஸ்வரங்களை நிறுத்திப் பார்த்தார்கள். பொருந்தியது. அதற்கும் கீழே இன்னொன்று. ஆளுக்கொன்றைப் பாடும்போது யார் எப்போது எங்கே வர வேண்டும் என்று குழம்புமே, அதனால் ஐந்து கோடு போட்டு எழுதி வைக்கிற வழக்கமும் கூடவே வளர்ந்தது. மேலே போகிற பாட்டு மெலடி. கீழே இருந்து அதைத் தாங்குவது ஹார்மனி. இரண்டையும் சேர்த்துக் கட்டுவது தாளம். பேண்டு செட்டில் மெலிந்தவை மெலடியை எடுத்துக்கொள்ளும், தடித்தவை கீழே நிற்கும். பெரிய மாமா, தனக்கே தெரியாமல், இசையைச் சரியாக அந்த மூட்டில் வெட்டிவிட்டார்.

பெரிய மாமாவின் கூட்டம் ஊருணிப் பக்கம் போய், அந்தத் தெரு வழியாக வருவதென்று முடிவாயிற்று. மாஸ்டர் கிளாரினெட்டோடு அவர்கள் பின்னால் போனார். நாங்கள் சின்ன மாமாவோடு நின்றோம். அந்தப் பெரிய குழல்கள் என்ன பாட்டு வாசிக்கப்போகின்றன என்று பார்க்கக் கூட்டமும் இந்தப் பக்கமே நின்றது.

சின்ன மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கையைக் காட்டினார். யூபோனியக்காரர் கன்னத்தை உப்பினார்.

பும்... பப். பும்... பப். பும்... பப்.

எல்லோரும் பாட்டு வருவதற்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. பும், பப். அதுவே போய்க்கொண்டிருந்தது. சாவடிப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவர்தான் ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, திருச்சுழிக் கம்மாயிலருந்து தவளையா புடிச்சிட்டு வந்திருக்கீக?"

"தவளை இல்லண்ணே. எருமைக்குத் தொண்டை கட்டிருக்கு."

"பாட்டு எங்கப்பா?"

"அது அடுத்த பஸ்ஸுல வருதாம்!"

தெருவே சிரித்தது. சின்ன அத்தை தட்டைத் தலைக்கு மேல் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். சின்ன மாமா யூபோனியக்காரரின் பக்கத்தில் போய்க் கேட்டார்.

"ஏம்ப்பா, பாட்ட எடுத்து விடப்பா."

அவர் வாயை எடுத்துவிட்டுச் சொன்னார். "இதுதாண்ணாச்சி என் பாட்டு. எந்தப் பாட்டுக்கும் எனக்கு இதுதான்." சொல்லிவிட்டு, விட்டுப்போன பும்மைப் பிடிக்க அவசரமாக மறுபடி ஊத ஆரம்பித்தார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குழலின் அகன்ற வாயில் என் மொட்டைத் தலை பூசணிக்காய்போல நீண்டு தெரிந்தது. ஒவ்வொரு பும்முக்கும் சித்தப்பாவின் தோள் வழியாக என் வயிற்றுக்குள் ஏதோ அதிர்ந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. சின்ன மாமாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அவர் நடையைக் குறைத்துவிட்டார். திருச்சுழிக்குப் போகிற ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள, நிக்காதீக. நின்னாத்தான் கேவலம்" என்று சித்தப்பா அவர் முதுகில் கை வைத்தார். சற்று முன்பு மச்சான் என்றவர், ஆபத்துக்கு மாப்ள ஆக்கிக்கொண்டார்.

அந்தப் பக்கம் பெரிய மாமாவின் சீரும் கிளம்பிவிட்டது. அங்கே வாசித்தது எங்கள் காதுக்கும் எட்டியது. பாட்டு இருந்தது, ஆனால் தகரத்தில் கம்பியை இழுத்ததுபோல ஒல்லியாக, காற்றில் ஆடிக்கொண்டு இருந்தது. அதிலும் பெரிய மாமாவுக்குத் திருப்தி இல்லை என்று பெரிய அத்தை பிறகு சொன்னாள். "இம்புட்டுப் பேரு ஊதியும் சத்தம் கீழ எறங்கமாட்டேங்குதே" என்று சைடு டிரம்காரரிடம் சண்டைக்குப் போனாராம். எங்கள் பக்கத்துப் பெரிய டிரம் ஊர் முழுக்கக் கேட்டதால், அந்த மனிதர் தன் குச்சியை அதற்கு ஒத்தாற்போல மாற்றிக்கொண்டிருந்தார். அவர் மாற்றியதும் கிளாரினெட்டும் மாறிற்று. பேண்டு செட்டுக்கு ஊர்வலம் தொடங்க வழக்கமான மெட்டு ஒன்றுதான். இரண்டு பாதியும் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தன.

இரண்டு தெருவும் மந்தைத் திடலில் வந்து சேரும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரே தெரு. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றது மந்தையிலிருந்தே தெரிந்தது. ஒரு காதில் பாட்டும் மறு காதில் பும் பும்மும் வந்துகொண்டிருந்தபோது அவள் என்ன நினைத்தாளோ.

முதலில் அந்தத் தெருவிலிருந்து கிளாரினெட் திரும்பியது. இந்தத் தெருவிலிருந்து நாங்கள் திரும்பினோம். அந்த ஒல்லிப் பாட்டுக்குக் கீழே எங்கள் பும் போய் நின்றது. பலகை வந்து காலுக்கு அடியில் உட்கார்ந்ததுபோல இருந்தது. அவ்வளவு நேரம் தவளை என்றும் எருமை என்றும் சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் வெறுமனே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒற்றைத் தெருவுக்குள் யார் முன்னால் போவது என்று மாமாக்கள் இருவரும் நின்றார்கள். பேண்டுக்காரர்கள் நிற்கவில்லை. அவர்களுக்கு இந்தச் சண்டையில் அக்கறை இல்லை. கால் பழக்கம்தான். கிளாரினெட் முன்னால், டிரம்பெட் அதன் பின்னால், பெரிய குழல்கள் அதற்கும் பின்னால், டிரம் கடைசியில் என்று வழக்கம்போல வரிசையில் சேர்ந்துகொண்டு தெருவை நிறைத்து நடந்தார்கள். இது யார் பங்கு, அது யார் பங்கு என்று இனிமேல் யாரும் பிரிக்க முடியாது. மாமாக்கள் தங்கள் தட்டுக்காரர்களோடு இரண்டு பக்கத்திலும் ஓட்டமும் நடையுமாகக் கூடவே வந்தார்கள். எவர் பின்தங்கினாலும் மற்றவருடைய செட்டு ஆகிவிடும். அதனால் ஒரே அளவாக நடந்தார்கள்.

பந்தலில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "யாரு மடியில?" என்று கேட்டார். அம்மா அண்ணனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். ஆசாரிக்கு அடுத்த ஊரில் இன்னொரு காது காத்திருந்தது.

"காது ரெண்டு இருக்குல்ல? வலதுக்கு மூத்தவுக உக்காருங்க. எடதுக்கு எளையவுக வாங்க" என்றார்.

அப்படியே ஆயிற்று. வலது காதைப் பெரிய மாமா மடியில் குத்தினார்கள். அவர் உள்ளங்கையால் என் கண்ணைப் பொத்தினார், கையில் மண்வெட்டிக் காய்ப்பு உறுத்தியது. நான் அலறிக்கொண்டிருக்கும்போதே என்னைத் தூக்கிச் சின்ன மாமா மடியில் வைத்தார்கள். அவர் வாழைப்பழத்தை என் வாயில் திணித்தார். என்னைக் கைமாற்றும்போது இரண்டு பேருடைய கைகளும் என் விலாவில் ஒன்றாக இருந்தன. அப்போதும் அவர்கள் பேசவில்லை.

பந்தியில் ஒருவர் இந்தக் கோடியிலும் மற்றவர் அந்தக் கோடியிலும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா இரண்டு கோடிக்கும் குழம்பு வாளியோடு நடந்துகொண்டே இருந்தாள். கை கழுவ எழுந்த பெரிய மாமா அவளிடம், "அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்றாள். அவ்வளவுதான்.

வெயில் தாழ்ந்ததும் பேண்டு வேன் போயிற்று. பெரிய மாமா அத்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மொபெட்டில் பரளச்சிக்குப் போனார். சின்ன மாமா பஸ்ஸைப் பிடித்துத் திருச்சுழிக்குப் போனார். ஒருவர் கிளம்பியதை மற்றவர் பார்க்காத மாதிரி இருந்தார். நான் இரண்டு காதிலும் மஞ்சளோடு வாசலில் அம்மாவை ஒட்டி நின்றேன். எனக்கு அந்தப் பும் பும் மறுபடியும் வேண்டும் என்று இருந்தது.

"எம்மா, மாமா ரெண்டு பேரும் சேந்து மறுபடி எப்ப வருவாக?"

அம்மா பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"அடுத்த பிள்ளைக்குக் காது குத்தயில வருவாக" என்றாள். "வராம எங்க போவாக."

அப்போது எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் பிள்ளை. எந்தப் பிள்ளையைச் சொல்கிறாள் என்று உள்ளே போய், தானியக் குதிருக்குப் பின்னாலும் அடுப்படியிலும் தேடிப் பார்த்தேன். யாரையும் காணவில்லை.